எடைக்கு எடை வெல்லம்

நீங்கள் என் முதுகுக்குப் பின்னால் பேசுவது எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். காலையில் கண்மாய்க் கரையில் என்னோடு நடக்கிற ஐந்து பேரும் என் வயதுக்காரிகள். மூட்டுவலி, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று ஆளுக்கொன்றைச் சுமந்துகொண்டுதான் நடக்கிறீர்கள். ஆனாலும் போன வாரம், நான் செருப்பு வாரை மாட்டப் பின்தங்கியபோது, "பேரப்புள்ள ஒரு அதிரசத்துக்குக் கை நீட்டுனாக்கூட வெடுக்குன்னு புடுங்குறாளாம், கல்நெஞ்சுக்காரி" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. கல்நெஞ்சு இல்லையடி, பயந்த நெஞ்சு. அந்தப் பயம் பன்னிரண்டு வயதில் என்னைப் பிடித்தது, இன்னும் விட்டபாடில்லை. எப்படிப் பிடித்தது என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் ஏசுங்கள்.

அறுபதுகள் முடிந்து எழுபது பிறந்த சமயம். காரைக்குடியில் எங்கள் வீடு. அய்யா தச்சு வேலை பார்த்தார். பெரிய வீடுகளில் நிலைக்கதவு இறங்கிப்போனாலும் சன்னல் இறுகிப்போனாலும் அய்யாவுக்குத்தான் ஆள் வரும். வீட்டில் நான், தம்பி, அய்யா, ஆத்தா. தம்பி என்னைவிட மூன்று வயது இளையவன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இன்னொருவன் பிறந்து, பதினோரு மாதத்தில் வயிற்றுப்போக்கு கண்டு போய்ச் சேர்ந்துவிட்டான். கடைசி நாளில் ஆத்தா அவனைத் தூக்கியபோது கையில் கனமே தெரியவில்லையாம். "வெறுந்துணியத் தூக்குன மாதிரி இருந்துச்சுடி" என்பாள். அந்தப் பிள்ளையைப் பற்றி வேறெதுவும் அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

தம்பிக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்து உடம்பு வற்றியபோது, ஆத்தா குன்றக்குடி முருகனிடம் ஓடினாள். பிள்ளை பிழைத்தால் பன்னிரண்டு வயதுவரை வருசா வருசம் பங்குனி உத்திரத்துக்கு அவன் எடைக்கு எடை வெல்லம் கொண்டுவந்து கொடுப்பதாக வேண்டிக்கொண்டாள். அதுவரை சரி. ஊரில் நாலு பேர் செய்கிற நேர்த்திக்கடன்தான். ஆனால் ஆத்தா அதோடு தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துவிட்டாள். "ஒவ்வொரு வருசமும் எடை ஏறணும் முருகா. ஏறுனா நீ எம்புள்ளயப் புடிச்சுக்கிட்டேன்னு தெரிஞ்சுக்குறேன். எறங்குனா கைய விட்டுட்டேன்னு தெரிஞ்சுக்குறேன்." இதைச் சாமி கேட்டாரா என்று யார் கண்டது? அவளாகக் கேள்வி கேட்டு, பதிலும் இப்படித்தான் வரவேண்டும் என்று அவளாகவே வைத்துக்கொண்டாள்.

எடை போடுவது எங்கள் தெருக்கோடி விறகுக்கடையில். இரும்புச் சங்கிலியில் இரண்டு பலகைகள் தொங்குகிற பெரிய தராசு அங்கேதான் இருந்தது. முதல் வருடம் அதில் போட்டதால் கடைசிவரை அதில்தான் போட வேண்டும் என்று ஆத்தாவுக்குப் பிடிவாதம். உத்திரத்துக்கு முந்தின நாள் தம்பிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, மஞ்சள் வேட்டி கட்டிக் கூட்டிப் போவோம். கடைக்காரர் எடைக்கல்லை ஒவ்வொன்றாக வைத்து, ஏலம் போடுகிற குரலில், "போன வருசத்தவிட மூணு கிலோ கூட!" என்பார். நின்று பார்க்கிற பெண்கள் குலவை போடுவார்கள். ஆத்தா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஈர விறகின் புளிச்ச வாசமும் வெல்லத்தில் மொய்க்கிற ஈயும் இன்றைக்கும் என் நினைவில் அப்படியே இருக்கின்றன.

எடை சும்மா ஏறுமா? அவனுக்குக் காலையில் உளுந்தங்களி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெயும் கருப்பட்டியும். பத்து மணிக்கு மாவுருண்டை. மத்தியானம் பருப்புச் சோறு, நெய் மிதக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கந்தரப்பம். ராத்திரி தூங்கி விழுகிறவனை எழுப்பி உட்காரவைத்து ஒரு கிண்ணம் பால்சோறு. அய்யாவுக்குப் பழையது. எனக்குக் கேப்பைக்கூழும் ஒரு சின்ன வெங்காயமும். "பொட்டப்புள்ளைக்கு என்னத்துக்கு நெய்யி" என்பாள் ஆத்தா. அவள் சாப்பிட்டதை நான் பார்த்ததே இல்லை. அப்போது எனக்கு வயிறு எரியும். இந்த வயதிலும் நான் மாடிப்படி ஏறி இறங்குகிறேன் என்றால், அது அந்த ஓரவஞ்சனை போட்ட பிச்சை. இதை யாரிடம் போய்ச் சொல்லிச் சிரிப்பது?

தின்பதோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. அவன் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, ஊருணியில் நீந்தக்கூடாது. ஓடினால் உடம்பு கரையுமாம். பள்ளிக்கூடத்துக்கு அவன் பையையும் நான்தான் சுமந்தேன். அவனை ஓடவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. "ஏத்தா, அவன் மேல ஒரு கண்ணு வச்சுக்க. ஒரு சுத்து எளச்சான்னாலும் ஒன் தோல உரிச்சுப்புடுவேன்" என்பாள் ஆத்தா. நானும் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேதான் நடந்தேன்.

ஒன்பது வயதில் அவன் பார்க்க எப்படி இருந்தான் தெரியுமா? கழுத்து என்று ஒன்று இல்லை. தொடை உரசி உரசிப் புண்ணாகி, காலை அகட்டி நடப்பான். பையன்கள் "பூசணி, பூசணி" என்று கூப்பிடுவார்கள். அவனும் சிரித்துக்கொண்டே, "பூசணிக்குத்தான்டா தை மாசம் மவுசு" என்பான். வீட்டுக்கு வந்து மரத்தூள் குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுவான். மல்லாந்து படுத்தால் மூச்சு தொண்டையில் கரகரவென்று இழுக்கும். சில சமயம் நின்றே போய்விடும். நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பேன். ஐந்து, ஆறு, ஏழு. அப்புறம் ஒரு பெருமூச்சு வரும். எனக்கு அப்போதுதான் உயிர் வரும்.

அந்த வருடம் ஐப்பசி மழை விட்ட பிறகு ஒருநாள், எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் அவனைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவந்தார். கொடிக்கம்பத்தைச் சுற்றி ஒரு சுற்று வந்ததற்கே உதடு நீலம் பாய்ந்து உட்கார்ந்துவிட்டானாம்.

"ஆசாரியாரே, கோவிச்சுக்காதீக. இது தெம்பு இல்ல, ஊதின உடம்பு. நெய்யக் கொறைங்க, புள்ளய ஓடவிடுங்க. இப்படியே விட்டீகன்னா வெளஞ்ச பெறகு ரொம்பச் செரமம்" என்றார்.

அய்யா தலையை ஆட்டினார். ஆத்தாவுக்கு வந்ததே கோபம்! "ஒத்தப் புள்ள நல்லா இருந்தா ஊருக் கண்ணு பொறுக்குமா? நீங்க வாத்தியாரு, பாடத்தப் பாருங்க. எம்புள்ள பாட்ட நான் பாத்துக்கிறேன்" என்றாள். அவர் வாசல்படி இறங்குவதற்குள் உப்பையும் மிளகாயையும் எடுத்துத் தம்பிக்குச் சுற்றிப் போட்டுவிட்டாள். அய்யா இழைப்புளியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். அவர் எதற்கும் அப்படித்தான்.

மறுநாள் வாத்தியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீதானேம்மா இவனக் கூட்டிட்டு வர்றவ? அரைமணி முன்னாலயே வந்துருங்க. ஊருணியச் சுத்தி மெதுவா நடக்க வைப்போம். என்னத்தா சொல்ற?" என்றார்.

நான் என்ன சொல்வேன்? அவன் இளைத்தால் சாமி கையை விட்டுவிடுவார், செத்துப்போவான். இளைக்காவிட்டால் அந்த மூச்சு ஒருநாள் எட்டு, ஒன்பது, பத்தைத் தாண்டித் திரும்பி வராது, அப்போதும் செத்துப்போவான். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இப்படி ஒரு பயம் வரலாமா? ராத்திரி எண்ணியது நான்தானே. அதனால் சரி என்று தலையாட்டினேன்.

முதல் நாள் கால் சுற்றுக்கு மேல் முடியவில்லை. கரையில் உட்கார்ந்துவிட்டான். வாத்தியார் திட்டவில்லை. "நாளைக்கு இன்னும் பத்துக் காலடி. அம்புட்டுத்தான்" என்றார். கார்த்திகையில் ஒரு சுற்று நடந்தான். மார்கழியில் பனிக்குளிரில் இரண்டு சுற்று. தை பிறந்தபோது நடையில் பாதி ஓட்டமானது. அவன் பின்னால் என்னையும் ஓடச் சொல்வார். நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன்.

சாப்பாட்டு விஷயத்தை நாங்களே பார்த்துக்கொண்டோம். அவன் தூக்குவாளியில் நெய்ச்சோறு, என் தூக்குவாளியில் கூழ். மத்தியானம் வேப்பமரத்தடியில் மாற்றிக்கொள்வோம். பாதகத்தி நான், சும்மா சொல்லக்கூடாது, அந்த நெய்ச்சோற்றை அனுபவித்துத்தான் தின்றேன். அவனும் வெங்காயத்தை நறுக்கென்று கடித்து, "அக்கா, இது நல்லாத்தான்க்கா இருக்கு. கண்ணு கலங்குது, வயிறு கலங்கல" என்பான். தொடைப் புண் ஆறியது. ராத்திரி நான் எண்ணத் தொடங்கினால் மூன்றைத் தாண்டாது. ஆனால் மாசி வாக்கில் ஆத்தா என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "ஏண்டி, கூழக் குடிச்சா ஒனக்கு இப்புடி ஊறுது?" என்றாள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊருணிக்குக் கிளம்பிவிட்டேன்.

பங்குனி முதல் சனிக்கிழமை அவனுக்கு எண்ணெய் தேய்த்தவள், இடுப்பு அரைஞாண் கயிற்றுக்குள் இரண்டு விரலை விட்டாள். போன மாதம் ஒரு விரல் நுழையாத கயிறு அது. கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். கத்தவில்லை. உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து பச்சைத்தண்ணீர் மட்டும்தான். "கைய விட்டுட்டான், கைய விட்டுட்டான்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அய்யா, "புள்ள வளருறான்டி, ஒசரம் குடுக்குது" என்று சொல்லிப் பார்த்தார். "போய்ச் சேந்தவனுக்கும் இதத்தான் சொன்னீக!" என்றாள் ஒரே வார்த்தையாக. அதற்குப் பிறகு அய்யா அந்தப் பக்கமே வரவில்லை.

மூன்று நாள் இப்படிக் கிடந்தாள். தம்பி பிழைத்தாலும் ஆத்தா பிழைக்கமாட்டாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. தராசில் எடை குறைந்தால் அந்த இடத்திலேயே உயிரை விட்டுவிடுவாள். அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. எந்தப் பேய் கொடுத்த புத்தியோ.

அய்யாவின் வேலைப்பெட்டியில் ஒரு பெரிய வீட்டுக் கதவுகளுக்கு வாங்கிவைத்த இரும்புக் கீல்கள் இருந்தன. பழைய சேலையைக் கிழித்து ஒரு நீளப் பட்டை தைத்தேன். கீல்களை வரிசையாக உள்ளே அடுக்கி வாயைத் தைத்துவிட்டேன். எத்தனை வேண்டும் என்று எனக்கென்ன தெரியும்? கொண்ட மட்டும் வைத்தேன். எடை போடுகிற அன்று அவனுக்கு மஞ்சள் வேட்டி கட்டிவிடுவது என் பொறுப்பு. கதவைச் சாத்திக்கொண்டு பட்டையை அவன் இடுப்பில் சுற்றினேன்.

"சாமிய ஏமாத்தலாமாக்கா?" என்றான்.

"சாமிய இல்லடா, ஆத்தாவ" என்றேன். அவனுக்கு அது இன்னும் பெரிய பாவமாகப் பட்டிருக்க வேண்டும். உதட்டைப் பிதுக்கினான். ஆனால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்களே, அன்றைக்கு அவன் மடியில் கனம், எனக்குப் பயம். விறகுக்கடை வாசலில் ஊரே நின்றது போல இருந்தது. ஆத்தாவை இரண்டு பெண்கள் பிடித்திருந்தார்கள். பலகையில் ஏற்றுவதற்காக அய்யா தம்பியை இடுப்பில் கைகொடுத்துத் தூக்கினார். தூக்கிய கை அங்கேயே நின்றது. இரும்பைத் தொட்டுத் தொட்டுக் காய்த்த கை. வேட்டிக்கு மேலேயே தெரிந்துவிட்டது. அய்யா திரும்பி என்னைப் பார்த்தார். அவர் ஆத்தாவைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். பிறகு பிள்ளையைப் பலகையில் உட்காரவைத்துவிட்டு, "ம், நிறுங்க" என்றார்.

"போன வருசத்தவிட ரெண்டு கிலோ கூட!" என்றார் கடைக்காரர்.

குலவைச் சத்தம் கேட்டதும் ஆத்தா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அன்று மத்தியானம் சாப்பிட்டாள். நான்தான் பரிமாறினேன். நல்ல காரியம் செய்தோம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

மறுநாள் மாட்டுவண்டியில் வெல்ல மூட்டைகளோடு குன்றக்குடி போனோம். பட்டையை வீட்டிலேயே அவிழ்த்துவிட்டேன். மலையடிவாரத்தில் இறங்கியதும், வழக்கம்போல அய்யா அவனைத் தோளில் ஏற்றக் குனிந்தார். முந்தின வருடம் நடந்து பார்க்கிறேன் என்று அடம்பிடித்து, நாலு படிக்கு ஒருதரம் உட்கார்ந்த பிள்ளை. இந்த வருடம் அவன் அய்யாவின் கையைத் தட்டிவிட்டுப் படியேறி ஓடினான்.

"டேய்! ஓடாதடா! யாராச்சும் புடிங்களேன்!" என்று ஆத்தா அலறிக்கொண்டே பின்னால் ஓடினாள். காவடிகளுக்கு நடுவில் புகுந்து புகுந்து அவன் மேலே போய்க்கொண்டே இருந்தான். நாங்கள் உச்சிக்குப் போனபோது இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்று சிரித்தான். முகமெல்லாம் வேர்வை. மூச்சு வாங்கியது, ஆனால் பேசமுடிந்தது. "நான்தான் மொதல்ல" என்றான்.

ஆத்தாதான் பேசமுடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவனைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். பிறகு அய்யாவின் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தை அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. அப்படி ஒரு சந்தோசம். "பாத்தீகளா! எட ஏற ஏற எம்புள்ளைக்கு எப்புடித் தெம்பு ஏறுது பாத்தீகளா! அந்த வாத்தியாரு வந்து பாக்கணும்!" என்றாள்.

அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம். இல்லை ஆத்தா, எடை இறங்கியிருக்கிறது, இறங்கியதால்தான் ஓடுகிறான் என்று ஒரு வாய் சொல்லியிருக்கலாம். கண்முன்னால் பிள்ளை நிற்கிறான், வேறு சாட்சி வேண்டுமா? அய்யா என்னைப் பார்த்தார், நான் அய்யாவைப் பார்த்தேன். அவர் சொல்வார் என்று நானும், நான் சொல்வேன் என்று அவரும் நின்றோமோ என்னவோ. தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் அவன் தொடையைத் திருகினேன்.

வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து எல்லாம் இரட்டிப்பானது. மத்தியானச் சாப்பாட்டை ஆத்தாவே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து, முன்னால் உட்கார்ந்து ஊட்டினாள். காலையில் நாங்கள் சீக்கிரம் கிளம்புவது எதற்கு என்று யாரோ சொல்லிவிட, வாத்தியாரிடம் போய், "எம்புள்ளைக்கு வந்த தெம்பக் கரைக்கப் பாக்குறீகளா?" என்று சண்டை போட்டாள். அவர் அதற்குப் பிறகு எங்களைக் கூப்பிடவில்லை. தம்பி ஒரு மாதம் ஊருணிப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். அப்புறம் பார்ப்பதையும் விட்டுவிட்டான். அடுத்த பங்குனியில் இரும்பு எதுவும் தேவைப்படவில்லை.

அவனுக்குப் பன்னிரண்டு வயதானபோது நேர்த்திக்கடன் முடிந்தது; ஊட்டுவது முடியவில்லை. அய்யா போய்ச் சேரும்வரை கீல்களைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பி கலகலப்பாகப் பேசுவான், உட்கார்ந்த இடத்தில் கடை நடத்தினான், நாலு பேருக்கு நல்லது செய்தான். முப்பத்தைந்தில் சர்க்கரை வந்தது. ஐம்பதை எட்டுவதற்குள் மதுரை ஆஸ்பத்திரி ஒன்றில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஆத்தா வந்தாள். எழுபதைத் தாண்டிய கிழவி, தனியாக பஸ் ஏறி வந்திருந்தாள். கையில் தூக்குவாளி. மூடியைத் திறக்கும் முன்பே நெய் வாசம் வந்தது. "எளச்சுப் போயிட்டான்டி. ஆஸ்பத்திரிக் கஞ்சிய ஊத்தி எம்புள்ளயக் காயப்போட்டுட்டாக" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ. கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப்போய் பெஞ்சில் உட்காரவைத்தேன். நாற்பது வருடம் விழுங்கிவைத்ததை எல்லாம் கொட்டினேன். ஊருணி, வேப்பமரத்தடி, கீல், அய்யாவின் கை, எதையும் விடவில்லை. தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப, அன்னிக்கு மலையில எம்புள்ள எளச்சுத்தான் ஓடுனானா?"

"ஆமாத்தா."

ஏசுவாள் என்று காத்திருந்தேன். அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அங்கனயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஓடுடா ஓடுடான்னு நானே வெரட்டியிருப்பேனேடி" என்றாள்.

உள்ளே தம்பி விழித்துக்கொண்டு, "ஆத்தா, வந்துட்டியா? பசிக்குது" என்று கூப்பிட்டான். நாங்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.